மாமியாரின் வானம்

விண்வெளி நாவல்கள் எழுதிய ஜெசிந்தா, பிழைப்புக்காகப் பல வருடங்கள் ஒரு மாமியார் மருமகள் தொடருக்கு வசனம் எழுதினார். கடைசிப் பகுதியில் மட்டும் தனக்கென்று ஒரு காட்சி வைத்தார். மாமியார் வாசல் கதவைத் திறக்கிறாள். வானத்தில் இரண்டு நிலாக்கள்.

“மருமக மூணு தடவை செத்துப் பொழச்சதை நம்பின ஜனங்க இதுக்குச் சிரிப்பாங்க மேடம்,” என்றார் இயக்குநர் திவாகர். “ஒரே டேக். இங்க ஒருத்தர் சிரிச்சாலும் சீனைத் தூக்கிருவேன்.”

மாமியாராக நடித்த சுலோச்சனா தாளை இரண்டு முறை படித்தார். பிறகு ஜெசிந்தாவிடம் வந்தார்.

“ஏம்மா, ரெண்டையும் நான் இப்பத்தான் மொத தடவை பார்க்குறேனா, இல்ல தெனமும் பார்க்குறதா?”

இத்தனை நாவல்களில் எவரும் ஜெசிந்தாவிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் தலை தானாக நிமிர்ந்தது.

“தெனமும் பார்க்குறதுதான்க்கா.”

“அப்ப கிளிசரின் வேணாம்.”

கேமரா ஓடியது. சுலோச்சனா கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். மேலே விளக்குகளும் கம்பிகளும் மட்டுமே இருந்தன. அவர் கண்கள் ஒரு நிலாவில் நின்றன. பழகிய நிதானத்தோடு அடுத்ததற்கு நகர்ந்தன. யாரும் சிரிக்கவில்லை. திவாகர் கட் சொல்ல மறந்திருந்தார். பிறகு அந்தக் கண்கள், ஜெசிந்தா எழுதாத மூன்றாவது ஓர் இடத்துக்குப் போய் அங்கேயே தங்கின.