வலது கை

பாராசூட்டில் தண்ணீரை உரசிப் பறக்கும் போட்டிகளில் கெட்டிக்காரனான கதிரவேலன், சென்ற ஆண்டு மிகத் தாழ்வாகத் திரும்பியதில் இறந்துபோனான். தானே காற்றைக் கணித்துப் பறந்து, விபத்து நேர்ந்தால் காரணத்தைக் குரலில் சொல்லும் பாராசூட் அது.

"அவரு வலது கையால இழுத்துட்டாரும்மா. பாராசூட்டே சொல்லுது," என்றார் அதைச் செய்த நிறுவனத்தின் அதிகாரி ஆரோக்கியராஜ்.

அவன் மனைவி மகிழினி நம்பவில்லை. அவளும் பல ஆண்டுகள் குதித்தவள். அதே ரகப் பாராசூட்டை வாங்கினாள். ஆரோக்கியராஜைத் தொலைநோக்கியோடு ஏரிக்கரையில் நிற்கச் சொல்லிவிட்டு, விமானத்திலிருந்து குதித்தாள். பாராசூட் விரிந்ததும் அதைத் திருப்பும் பிடிகளைத் தொடாமல், இரு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டாள்.

ஏரி நெருங்கியபோது பாராசூட் தானாகவே வலப்பக்கம் சுழன்று கீழே பாய்ந்தது. அவள் பதறிப்போய்ப் பிடிகளைப் பற்றி முழுப் பலத்தோடு இழுத்தாள். வேகம் சற்றே குறைந்தது. தண்ணீரில் மோதி உருண்டு, இருமிக்கொண்டே கரையேறினாள்.

பாராசூட்டின் ஈரத் துணிக்குள்ளிருந்து கனிவான குரல் கேட்டது. "பறந்தவர் வலது கையால் தவறாக இழுத்துவிட்டார். வருந்துகிறோம்."

மகிழினி ஆரோக்கியராஜைப் பார்த்தாள்.

"பாத்துக்கிட்டேதாம்மா இருந்தேன்," என்றார். "அது திரும்புறப்ப நீங்க கையே வைக்கலை."