இரவல் குரல்

"உன் ஒத்த மாத்திரை வந்தாச்சு பாரு," என்று மருந்து எடுத்துத் தருபவளிடம் கண்ணடித்தாள் பில் போடும் அக்கா.

பதினொரு நாளாக அந்தப் பெரியவர் மருந்துக்கடைக்கு வருகிறார். ஒரே ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்குவார். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று பத்துக் கேள்வி கேட்பார்.

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து, மருந்து எடுத்துத் தருபவளுக்குக் குரல் போய் நான்கு வருடம். கையிலிருக்கும் கருவியில் தட்டினால், அது ஓர் இளம்பெண்ணின் குரலில் பேசும். அது பேசும்போது பெரியவர் கண்ணை மூடிக்கொள்வார்.

இன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஊர்ல வேற கடையே இல்லையா உங்களுக்கு?" என்றது கருவி.

பெரியவர் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதம்மா. இது என் பொண்ணு குரல்."

அக்காவின் கை பில்லில் அப்படியே நின்றது.

"காலேஜ் படிக்கிறப்போ ஒரு கம்பெனிக்குப் போய் ரெண்டு மாசம் வாசிச்சுக் குடுத்தா. அதைப் பொடிப்பொடியா நறுக்கி வெச்சுக்குவாங்களாம். நாம எதைத் தட்டுறோமோ, அதுக்கேத்த மாதிரி கம்ப்யூட்டர் ஒட்டித் தருமாம். 'நான் சொல்லாததையெல்லாம் என் குரல் சொல்லும்ப்பா'ன்னு சிரிப்பா."

"இப்ப எங்க இருக்காங்க?" என்றாள் அக்கா.

"இல்லம்மா. போய் ஆறு வருஷம் ஆச்சு."

"என்ன ஆச்சு?" மகளின் குரலே கேட்டது.

பெரியவர் மாத்திரையை விரலால் உருட்டினார். "அவளாவே விஷம் குடிச்சதா போலீஸ்ல எழுதிக்கிட்டாங்க."

இத்தனை நாள் இந்த மனிதரிடமா சலித்துக்கொண்டோம்? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்காக ஒரு சொல் தட்டினாள்.

"அப்பா."

எழுத்துக்கு எழுத்து ஒட்டிய இடம் லேசாகப் பிசிறடித்தது. ஆனாலும் கூப்பிட்டது அவர் மகள்தான். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியவர் ஓர் அடி பின்வாங்கினார். முகம் வெளுத்துவிட்டது.

"அது வேண்டாம்மா. 'மன்னிச்சுட்டேன்'னு மட்டும் சொல்லச் சொல்லு. ஒரு தடவை போதும். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

பாதிச் சொல் தட்டிய விரல் நின்றது. எதற்கு என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பையனைத்தான் கட்டிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னா. பால்ல கலந்து குடுத்தது நான்தாம்மா."