கோலத்தின் விளிம்பில்

காப்பகத்திலிருந்து கூட்டி வந்த நாய், வாசல் கோலத்தைக் கண்டதும் அதன் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டது. சோற்றைக் காட்டிக் கூப்பிட்டால் நடுங்கியதே தவிர உள்ளே வரவில்லை. கோலத்தை மிதித்ததற்காக எந்த வீட்டிலோ செமத்தியாக அடி வாங்கியிருக்கிறது என்று தமயந்திக்குப் புரிந்துவிட்டது.

“கோலத்தை அழிச்சிடேன், வந்துடும்,” என்றார் அவள் கணவர்.

“தெருவுல எல்லா வாசல்லயும்தான் கோலம் இருக்கு. எத்தனையைப் போய் அழிக்கிறது?”

மறுநாள் வாசலை அடைத்துப் பெரிய கோலமாகப் போட்டாள். போட்ட கையோடு அதன் நடுவில் போய்த் தானே உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரி முகம் சுளித்தாள். தமயந்தி நகரவில்லை.

வெயில் ஏறிய பிறகு நாய் ஒரு காலை மட்டும் கோலத்தின் மேல் வைத்தது. வைத்துவிட்டு அவள் கையைப் பார்த்தது.

தமயந்தி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.