படகு மோட்டார் சர்வீஸ்

கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தாலும், வெள்ள நிவாரணப் படகின் மோட்டாரை ஐப்பசிக்கு முன்னால் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தாக வேண்டும், மேலிடத்து உத்தரவு. பரளச்சிப் பக்கம் புதிதாக வந்திருந்த அதிகாரி ஆலன், அதற்கென்றே லாரித் தண்ணீர் வரவழைத்து சிமெண்டுத் தொட்டியை நிரப்பினார்.

அருப்புக்கோட்டை மெக்கானிக் செல்வதுரை மோட்டாரின் விசிறியைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். மனுஷனுக்குத் தொழிலில் என்ன அக்கறை என்று ஆலன் நினைத்துக்கொண்டார்.

தொட்டியில் இறக்கிக் கயிற்றை இழுத்தால், மோட்டார் முனகக்கூட இல்லை.

“சரி பண்ணிருவேன் சார். நாளைக்குப் புதுத் தண்ணி ஊத்திப் பாக்கணும்.”

“அப்ப இந்தத் தண்ணி?”

“கீழதான் கொட்டணும் சார்.”

ஆலன் இன்னொரு லோடுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் கிளம்பினார். பாதி வழியில் பைலை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினார்.

தொட்டியைச் சுற்றி ஊரே குடத்தோடு நின்றது.

“குடிதண்ணிக்கு ஏழு மனு குடுத்தும் வராத லாரி, மோட்டாருன்னா ஒடனே வருதே!” என்றபடி குடத்தைத் தண்ணீரில் அமுக்கிய மூக்கம்மாள், ஆலனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆலன் பைலை எடுத்துக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

“செல்வதுரை, நாளைக்குக் கழட்டுற ஸ்பார்க் பிளக்கைச் சட்டைப் பையில வைக்காதீங்க. வெளிய தெரியுது.”