பிளாஸ்டிக் உறை

கார் வாங்கிய அன்று, சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கப்போன மனைவி கோமளாவின் கையைத் தணிகாசலம் தட்டிவிட்டார். "விக்கிறப்போ நல்ல விலை போக வேணாமா?" அப்புறம் கிளட்ச் போயிற்று, ரேடியேட்டர் போயிற்று, ஏசி செத்தே போயிற்று. மெக்கானிக்கிடம் கொட்டி அழுததில் இன்னொரு கார் வாங்கியிருக்கலாம். உறை மட்டும் கிழியவில்லை. ஒவ்வொரு கோடையிலும் அதில் உட்கார்ந்து எழுந்தால் கோமளாவுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. புடவை தோலோடு ஒட்டிக்கொண்டு வரும்.

பதினோரு வருஷம் கழித்து வந்த புரோக்கர் பேனட்டைத் தூக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், அடிமாட்டு விலைக்குக் கேட்டார்.

"சீட்டப் பாருங்க, புத்தம் புதுசு!" தணிகாசலம் தானே உறையைப் பரபரவென்று கிழித்துப் போட்டார்.

"எந்த வருஷத்து வண்டின்னுதான் சார் பாப்பாங்க. சீட்ட யாரு பாக்குறா?"

எவ்வளவு மன்றாடியும் விலை ஏறவில்லை. சாவி கைமாறியது. அப்போது கோமளா பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சீட்டின் துணியை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பிறகு நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"எறங்கு. அவரு கெளம்பணும்ல?"

"கெளம்பட்டும்" என்ற கோமளா, உள்ளிருந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.