சம்பந்தி வீட்டு வாசலில் ஒரு கம்ப்ரஸர்

கடைசி போல்ட்டு அசைய மாட்டேன் என்றது.

பாலு தன் டாக்சிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மகளின் வளைகாப்புக்கென்று வாங்கிய புது வேட்டி முழுக்க கிரீஸ். அபிராமபுரத்துச் சம்பந்தி வீட்டு வாசலில் விருந்தாளிகள் வெற்றிலையை மென்றபடி வேடிக்கை பார்த்தார்கள்.

காலையில் வரும் வழியிலேயே ஏசி கம்ப்ரஸர் இறுகிப்போனது. சம்பந்தியம்மா ஜோதிலட்சுமிக்கு அது நல்ல சாக்காகப் போய்விட்டது.

“இந்த வெயில்ல புள்ளத்தாச்சிய எப்டி அனுப்புறது? ஏசி ஓடுனா இட்டுகினு போங்க சம்பந்தி. இல்லாங்காட்டி பிரசவம் இங்கயே ஆவட்டும்.”

வளையல் போட்டதும் பெண் தாய்வீடு போவதுதான் வழக்கம். ராகு காலம் பிறப்பதற்குள் கிளம்ப வேண்டும். இன்றைக்கு இல்லையென்றால் அப்புறம் இவர்கள் அனுப்பப் போவதே இல்லை.

மகள் மதுமதியை இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போக பாலுவால் முடியாது.

கையில் சந்தனம் பூசும்போது பார்த்துவிட்டார். முழங்கைக்கு மேலே விரல் தடங்கள், நீலமாக. பூசிய பெண்களும் பார்த்திருப்பார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை ஸ்ரீநாத் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். பாலு பல்லைக் கடித்துக்கொண்டார்.

அதனால்தான் சிநேகிதர் வேம்புவுக்குப் போன் போட்டார். ஏசி மெக்கானிக்கான வேம்பு, தெரிந்த ஆளின் கடையைத் திறக்க வைத்து, புதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய கம்ப்ரஸரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

போல்ட்டு கடைசியில் இளகியது. பழசு கீழே வந்தது. வாங்கி வந்ததை ஏற்றி, பைப்பைப் பூட்டி, பெல்ட்டை மாட்டினார்கள்.

வேம்பு பம்ப்பை ஓடவிட்டுப் பைப்பிலிருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்தார். பம்ப்பை நிறுத்தியதும் மீட்டரின் ஊசி இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். அசைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

இரண்டு பேரும் ஊசியைப் பார்த்தார்கள்.

வேம்பு பாலுவை நிமிர்ந்து பார்த்தார். “மச்சி...”

“கேஸ வுடு,” என்றார் பாலு.

வேம்பு குளிரூட்டும் கேஸை ஏற்றினார். இஞ்சினைப் போட்டதும் கம்ப்ரஸர் டக்கென்று பிடித்துச் சுற்றியது. ஜோதிலட்சுமி வண்டிக்குள் குனிந்து, காற்று வரும் இடத்தில் கையை வைத்தார். மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

மதுமதி தலையைக் குனிந்தபடி வந்து, பின்சீட்டில் அம்மா தேவானை பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்ரீநாத் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான்.

“வழியில ஏசி நின்னா சொல்லுங்க மாமா. பைக்ல வந்து திரும்ப கூட்டிட்டு வந்துடறேன்.”

பாலு தலையாட்டிவிட்டு கியரைப் போட்டார். தெரு முனை திரும்பும் வரை மூச்சு விடவில்லை.

அடையாறு பாலத்தின் மேல் ஏசிக் காற்று வெதுவெதுப்பானது. நடுப்பாலம் வருவதற்குள் அனலாகிவிட்டது.

தேவானை பதறினார். பாலு பதறவில்லை. ஊசி நகர்ந்ததை வேம்பு பார்த்த அதே நேரத்தில் அவரும் பார்த்திருந்தார். கசிவைத் தேடி அடைக்க நேரம் இல்லை. ஏற்றிய கேஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்று தெரியும். சம்பந்தியம்மாவின் கைக்கு அது போதும்.

எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டார். அப்போது போன் அடித்தது. மாப்பிள்ளை.

பாலு வண்டியை ஓரங்கட்டி, ரோட்டுச் சத்தம் போனில் கேட்காதபடி கண்ணாடிகளை மறுபடி ஏற்றினார். வண்டிக்குள் அடுப்பு மாதிரி வெந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, போனைக் காதில் வைத்தார்.

“செம குளிரு மாப்ள. உங்க வூட்டுக்காரி போர்வ கேட்டுகினு கீது.”

பின்சீட்டில் மதுமதி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க பாலுவுக்குத் தைரியம் வரவில்லை.