மூன்றாவது சூடு

ஆள் இல்லாத அறைக்குக் குளிர் கிடையாது என்பது சட்டம். ஊர் வீடுகளுக்கெல்லாம் குளிர் அனுப்பப்போகும் புதிய கூலிங் டவரின் அளவைக் கணக்கிட, வீடுவீடாக உடம்புச் சூட்டை அளந்துகொண்டு வந்தாள் எஞ்சினியர் குந்தவி. ஞானசேகர் வீட்டில் கருவி மூன்று பேர் என்றது. கூடத்தில் நின்றது அவரும் மனைவியும்தான்.

“உள்ள யாரு சார்?”

“பாப்பா தூங்குறா.”

பொய்ச் சூடு வைத்து ஏமாற்றுகிறவர்களை அவளுக்குத் தெரியும். எரிச்சலோடு கதவைத் திறந்தாள். கட்டிலில், சின்னப் போர்வைக்கு அடியில், ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“போன கோடையில போயிட்டாம்மா,” என்றார் ஞானசேகர். “அவ பேரை எடுத்துட்டா இந்த ரூம் கொதிக்கும். பாப்பாவுக்கு வெக்கை ஆகவே ஆகாது.”

மூன்று என்றே பதிந்தாள் குந்தவி. வெளியே வரும்போது, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடாதபடி கதவை மெல்லச் சாத்தினாள்.